வாங்காத தபால்

அழகுநிலையத்தில் அவள் ஒரு வாடிக்கையாளரின் புருவத்தை நூலால் திருத்திக்கொண்டிருந்தபோது அவளுடைய கைப்பேசி மறுபடி அலறியது. நூலின் ஒரு முனை அவள் பல்லில். எடுக்கவும் முடியாது, திட்டவும் முடியாது.

"எடுத்துத் தொலையேன்டி. திரும்பக் கடை நம்பருக்கே அடிக்கப் போறான்" என்றாள் அழகுநிலைய முதலாளி அக்கா.

போன வாரம் கடன் வசூல்காரன் கடைக்கே அடித்திருந்தான். "உங்ககிட்ட வேலை பாக்குற பொம்பள கடன்காரி, தெரியுமா?" அன்று உடம்பு கூசியது இன்னும் அடங்கவில்லை.

ஸ்கூட்டருக்கு அவள் பெயரில் வாங்கிய கடன். கணவனுக்கு வேலை போனதும் தவணை நின்றது. கடன் கொடுத்த கம்பெனி வண்டியை வாசலிலிருந்தே தூக்கிப் போனது. வண்டியோடு கடனும் போனது என்று நினைத்தார்கள். இன்னும் பாக்கி என்று வந்து நின்றான் அந்த வசூல்காரன். தேன் ஒழுகப் பேசுவான். அதனால் வீட்டில் அவன் பெயர் சர்க்கரை.

"அக்கா, கோர்ட்டுக்கு வெளியவே கடன் வழக்க விசாரிச்சுத் தீர்ப்பு சொல்ல கம்பெனி ஒரு நடுவரப் போட்டிருக்கு. அவர்கிட்டேருந்து தபால் வரும். கையெழுத்துப் போட்டு வாங்கிடாதீங்க. வாங்கினாதான் கேஸு. தம்பி மாதிரி சொல்றேன்."

தம்பி சொல்லைத் தட்டுவார்களா? தபால்காரர் தலை தெரிந்தாலே அவள் கணவன் கதவைச் சாத்தினான்.

அன்று மதியம் வீட்டுக்கு வந்தவளைத் தபால்காரர் வாசலிலேயே பிடித்துவிட்டார்.

"வேணாங்க. திருப்பி அனுப்பிடுங்க."

"அனுப்புறேம்மா. 'வாங்க மறுத்தார்'னு எழுதித்தான் அனுப்பணும். அது உங்க கையில குடுத்த மாதிரிதான் ஆகும். உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்ல வந்தா மூஞ்சில அடிக்கிற மாதிரி கதவச் சாத்துறாரு."

வாங்கிப் பிரித்தாள். மறுநாள் காணொளியில் இறுதி விசாரணை. முன்பு கூப்பிட்டபோதெல்லாம் அவள் வரவில்லையாம். இப்போதும் வராவிட்டால் கம்பெனி சொன்னதை மட்டும் கேட்டுத் தீர்ப்பு. அதை வைத்து அவள் சம்பளத்தில் கைவைக்கக் கோர்ட்டுக்குப் போகலாம்.

முதலில் வெட்கம்தான் வந்தது. அதன் அடியிலிருந்து கோபம் கொதித்து ஏறியது. தம்பியாம்! பயந்துபோனவள் எதிரி சொல்லும் யோசனையைக்கூடக் கேட்பாள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவளும் கேட்டாளே! அதுதான் அவளை அதிகம் எரித்தது.

மறுநாள் கைப்பேசியைக் கடைக் கண்ணாடியில் சாய்த்து வைத்தாள். திரையில் நடுவர், பக்கத்துக் கட்டத்தில் கம்பெனியின் சார்பில் சர்க்கரையே.

"எதிர்த்தரப்பு வழக்கம்போல வரல சார். தீர்ப்பு சொல்லிடலாம்."

"வந்திருக்கேன்" என்றாள்.

"அட, அக்கா! நமக்குள்ள பேசிக்கலாமே. கட் பண்ணுங்க, நான் கூப்பிடுறேன்."

"இன்னொரு தடவ அக்கான்னு சொன்னா பல்லு பேந்துடும்!" நடுவர் பக்கம் திரும்பினாள். "ஐயா, உங்கள நியமிச்சது யாரு?"

"ஒப்பந்தப்படி கம்பெனிதாம்மா."

"என்னக் கேக்கலயே. ஆட்டத்துல ஆடுறவனே ரெஃப்ரி விசில வாங்கி மச்சான் வாயில வச்ச மாதிரி இருக்கு. எனக்குச் சம்மதமில்ல, எழுதிக்குங்க. என் வண்டிய எவ்வளவுக்கு வித்தாங்க? எனக்குச் சொல்லிட்டு வித்தாங்களா? அந்தக் காசு கடன்ல கழிஞ்சுதா? பேப்பரக் காட்டச் சொல்லுங்க. தபால வாங்காதேன்னு சொன்னதும் இந்த ஆளுதான். அதையும் எழுதுங்க."

சர்க்கரை மைக்கை அணைத்துவிட்டு இன்னொரு போனை எடுத்தான்.

நடுவர் குறித்துக்கொண்டார். "உங்க ஆட்சேபணைய எழுத்துல அனுப்புங்கம்மா. வண்டி வித்த கணக்கக் கம்பெனி தாக்கல் பண்ணட்டும். இன்னைக்குத் தீர்ப்பு இல்ல."

திரை இருண்டதும் கைப்பேசியைக் கண்ணாடியிலிருந்து எடுத்தாள்.

"கடன் தீந்துச்சாடி?" என்றாள் முதலாளி அக்கா.

"எங்க தீந்துச்சுக்கா! குடுக்க வேண்டியது இருந்தா குடுத்துத்தான் ஆகணும். எவ்வளவுன்னு அவன் மட்டும் சொல்லக் கூடாது."

பிறகு கணவனைப் போனில் கூப்பிட்டாள். குரலில் சூடு தணியவில்லை.

"இனிமே எந்தத் தபால் வந்தாலும் வாங்குங்க. படிங்க. புரியலன்னா ஒரு வக்கீலப் பாருங்க, கூப்பிட்ட இடத்துக்குப் போய் வாயத் தொறந்து கேளுங்க. கடன் வாங்கினதுல ஒரு வெக்கமும் இல்ல. நாம கதவச் சாத்தின ஒவ்வொரு நாளும், நமக்கும் சேத்து அவனுங்கதான் பேசியிருக்கானுங்க."