நாற்பத்தேழாம் உறுதிமொழி

எங்கள் அலுவலகத்தில் பொய் எழுத யாரும் மெனக்கெடுவதில்லை. போன அறிக்கையைத் திறந்து தேதியை மட்டும் மாற்றினால் போதும், பொய் தன்னைத் தானே எழுதிக்கொள்ளும்.

சட்டமன்றத்தில் ஓர் அமைச்சர் எழுந்து ‘செய்து தரப்படும்’ என்று சொல்லிவிட்டால், சென்னையில் அதை ஒரு பதிவேட்டில் ஏற்றி எண் போட்டுவிடுவார்கள். அதற்குப் பெயர் உறுதிமொழி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது என்ன ஆயிற்று என்று கேட்டு, ஒவ்வொரு படியாக இறங்கி, பொள்ளாச்சியில் இருக்கும் எங்களுக்குக் கடிதம் வரும். நாங்கள் படிவத்தின் கடைசிக் கட்டத்தில் ‘நிலுவை’ என்று எழுதி, வந்த வழியே மேலே அனுப்புவோம். எந்தத் துறை என்று கேட்காதீர்கள். ரோடும் பாலமும் போடுகிற துறை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். எனக்கு இன்னும் பதினோரு வருட சர்வீஸ் பாக்கி இருக்கிறது.

எங்கள் பட்டியலில் நாற்பத்தேழாம் எண், சின்னக்காளிப்புதூர்ப் பள்ளத்துக்கு ஒரு பாலம். பள்ளம் என்றால் எங்கள் பக்கம் ஓடை. சபையில் சொல்லி ஒன்பது வருடம் ஆகிறது. பள்ளத்தில் தண்ணீர் வந்துவிட்டால் ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் பதினோரு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். சுற்ற முடியாதவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள்.

எங்கள் கண்காணிப்பாளர் விமலாராணி மேடம் மட்டும் பழைய அறிக்கையைப் பார்த்து எழுதவே மாட்டார். ஒவ்வொரு தடவையும் அந்த ஊரில் பால் ஊற்றும் விவசாயி ஆறுச்சாமிக்குப் போன் போடுவார். பள்ளத்தில் தண்ணீர் போகிறதா, யாராவது அளக்க வந்தார்களா, பிள்ளைகள் எப்படிப் போகிறார்கள் என்று எல்லாவற்றையும் விசாரித்து முடித்துத்தான் ‘நிலுவை’ என்ற ஒரு சொல்லை எழுதுவார். ஒரு சொல்லுக்கு அரை மணி நேரமா மேடம் என்று நான் கிண்டல் பண்ணுவேன். சபையில் கொடுத்த வார்த்தைக்கு நாம்தான் காவல் என்பார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கேட்டதைத் திங்கட்கிழமை ஆபீசில் வந்து ஒப்பிக்கிறார் என்று முதுகுக்குப் பின்னால் சொல்லியிருக்கிறேன். அப்போதும் அவரை எனக்குப் பிடிக்கும். பிடித்தவர்களைத்தானே கிண்டல் பண்ணத் தோன்றும்.

சித்திரையில் மேடம் மகள் கல்யாணத்துக்குப் பத்து நாள் லீவு போட்டார். பொறுப்பு எனக்கு வந்தது. அறிக்கை அனுப்ப வேண்டிய அன்றைக்கு எனக்கு ஐந்தே காலுக்கு உடுமலை பஸ். போன அறிக்கையைத் திறந்தேன், தேதியை மாற்றினேன். நாற்பத்தாறாம் எண் ஒரு தடுப்பணை, அது உண்மையிலேயே முடிந்திருந்தது. அதில் ‘நிறைவேற்றப்பட்டது’ என்று அடித்து, கட்டத்தின் மூலையைப் பிடித்த மவுஸ் ஒரு வரி கீழே இழுபட்டு, நாற்பத்தேழிலும் அதே சொல் விழுந்ததை நான் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்ட செயற்பொறியாளர் அரங்கசாமி சாரும் பார்க்கவில்லை. இல்லாத பாலத்தை ஒரு விரலால் கட்டிவிட்டு, ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து நிம்மதியாக ஊர் போய்ச் சேர்ந்தேன்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. சட்டமன்ற உறுதிமொழிக் குழு எங்கள் மாவட்டத்துக்கு வருகிறது. நேரில் பார்க்கப்போகும் பணிகளில் மூன்றாவது, எண் நாற்பத்தேழு. மேடம் கடிதத்தைப் படித்தார். பீரோவைத் திறந்து அலுவலகப் பிரதியை எடுத்தார். அதில் என் சுருக்கொப்பத்தைப் பார்த்தார். இரண்டையும் என் மேஜைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அரங்கசாமி சார் பதறவில்லை. ஏழு கிலோமீட்டர் தள்ளி அதே பள்ளத்தின்மேல் வேறொரு திட்டத்தில் கட்டிய பாலம் இருக்கிறது. சின்னக்காளிப்புதூருக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. அங்கே ஒரு போர்டு எழுதி வைத்துக் காட்டிவிடலாம், குழுவில் யாருக்கு வழி தெரியப்போகிறது என்றார். எனக்குப் பதவி உயர்வுப் பட்டியல் வரும் நேரம் என்பதையும் அன்பாக ஞாபகப்படுத்தினார். முன்னால் போகும் ஜீப்பில் உட்கார்ந்து வழிகாட்டும் வேலையையும் எனக்கே கொடுத்தார்.

அவர் ரூமை விட்டு வெளியே வந்ததும் மேடம் என்னை நிறுத்தினார்.

“தனபால், அந்தப் பாலத்தக் காட்டிட்டம்னா இந்த நம்பர லிஸ்ட்ல இருந்து அன்னைக்கே அடிச்சுருவாங்க. அப்பறம் அந்த ஊர்க்காரங்களுக்குக் கேக்கறதுக்குக்கூட ஒண்ணும் இருக்காதுங்க. நான் சொல்லிப்போட்டேன். ஜீப்புல உக்காரப்போறது நீங்கதான்.”

குழு வந்த அன்று காலையில் நல்ல மழை பெய்து விட்டிருந்தது. பின்னால் ஒன்பது கார்கள். கடைசி வண்டியில் கோப்புகளோடு மேடம். ரோடு இரண்டாகக் கவை பிரிகிற இடத்தில் இடப்பக்கம் போனால் போர்டு வைத்த பாலம், வலப்பக்கம் போனால் பள்ளம். டிரைவருக்கு முதல் நாளே சொல்லி வைத்திருந்ததால் இடப்பக்கம் ஒடித்தார். என் வாய் எப்படித் திறந்தது என்று எனக்கே தெரியவில்லை. வலப்பக்கம் போகச் சொன்னேன். அவர் என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுத் திருப்பினார்.

ரோடு தண்ணீரில் போய் முடிந்தது. அக்கரையில் இரண்டு பிள்ளைகள் புத்தகப் பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். இக்கரையில் பால் கேனோடு நின்றிருந்த ஆறுச்சாமி, இத்தனை கார்களைப் பார்த்து வாயைத் திறந்தபடி நின்றார். குழுத் தலைவர் இறங்கி வந்து பாலம் எங்கே என்று கேட்டார். அரங்கசாமி சார் எதிரே இருந்த தென்னை மரத்தைப் பார்த்தார்.

“பாலம் இல்லீங்கய்யா,” என்றேன். “மேல் கட்டத்துல இருந்தத கீழ இழுத்துப்போட்டேனுங்க. தப்பு என்னுது.”

தலைவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் பிள்ளைகள் கரையேறும்வரை அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இத்தனை வருடத்தில் ஏன் ஒரு குழுவும் இங்கே வரவில்லை என்று தன்னோடு வந்த அதிகாரியைக் கேட்டார். முடிந்த பணிகளைத்தான் நேரில் பார்ப்பது வழக்கம், நிலுவையைக் கோப்பில் பார்த்துக்கொள்வோம் என்று அவர் மெல்லச் சொன்னார்.

“அப்படிங்களா?” என்றார் ஆறுச்சாமி, கேனைக் கீழே வைத்துவிட்டு. “இல்லைன்னு எழுதுனப்பெல்லாம் யாரும் வரலீங்க. கட்டியாச்சுன்னு எழுதுனதுக்கப்பறந்தான் பாக்க ஆளு வந்துருக்குது.”

தலைவர் அங்கேயே நின்று நாற்பத்தேழை மறுபடி நிலுவையில் சேர்க்கச் சொன்னார். ஒரு மாதத்துக்குள் வேலையைத் தொடங்கி நேரடியாகக் குழுவுக்கு எழுதவும் உத்தரவிட்டார்.

திரும்பும்போது மேடம் ஜீப்பில் என்னோடு ஏறிக்கொண்டார். சந்தோஷமாக இருப்பார் என்று நினைத்தேன். கோப்புகளை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளம் இருந்த பக்கமே திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

“முப்பத்தஞ்சு தடவ நெசத்த எழுதியிருக்கறேனுங்க, தனபால். ஒருத்தரும் வரல. நீங்க ஒரே ஒரு தடவ பொய் எழுதுனீங்க, ஒம்பது காரு வந்துச்சு.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கண் நிறைந்துவிட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. பாலம் வரப்போகிறது என்ற நினைப்புகூட அதைக் குறைக்கவில்லை.

திங்கட்கிழமை எனக்கு மெமோ வந்தது. நான் எழுதிய இரண்டு பக்க விளக்கத்தை மேடம் படித்துவிட்டு, கவனக்குறைவு என்ற ஒரு வரியே போதும் என்று மற்றதையெல்லாம் அடித்தார். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இல்லை. வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

அடுத்த காலாண்டுக் கடிதம் வந்தபோது மேடம் போனை என் பக்கம் தள்ளினார். ஆறுச்சாமியைக் கூப்பிட்டேன். பள்ளத்தில் தண்ணீர் கொஞ்சம், அஸ்திவாரத்துக்கு நாலு குழி எடுத்திருக்கிறார்கள் என்றார். எழுதப் போனேன். போனில் கேட்டதை மட்டும் வைத்து எழுத மனம் வரவில்லை. நாளைக்கு வாரேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

மறுநாள் காலை முதல் பஸ் பிடித்துப் போனேன். ஆறுச்சாமி கூடவே நடக்க, குழிகளைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாக எண்ணினேன். நாலு இல்லை, மூன்றுதான். நாலாவது, அவர் தென்னைக்கு எடுத்த குழி.

அலுவலகம் திரும்பி, கடைசிக் கட்டத்தில் அடித்தேன்: ‘நிலுவை. மூன்று குழிகள் எடுக்கப்பட்டுள்ளன. நேரில் பார்த்தேன்.’

அரசாங்க அறிக்கையில் ‘பார்த்தேன்’ என்று யாரும் எழுதுவதில்லை. மேடம் அந்தச் சொல்லை அடிக்கப்போகிறார் என்று நின்றேன். பேனாவை எடுத்தவர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். எதையும் அடிக்காமல் ஓரத்தில் தன் சுருக்கொப்பத்தைப் போட்டுவிட்டு, பஸ் டிக்கெட்டைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வைத்துத் தைத்தார்.