முன்னால் வெட்டுப்பட்ட ஒன்று

எஸ்தர் கொஸ்கி கூண்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்த வேகத்தில் காபிக் கோப்பைகள் குலுங்கின. உள்ளே மஞ்சள் கேனரிக் குருவிகள் இரண்டும் விறைத்துக் கிடந்தன.

"தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள என் வீட்டு கேஸை மூடிட்டுப் போயிருக்கானுங்க. சூடு இல்லாம தண்ணிக் குழாயெல்லாம் உறைஞ்சு வெடிச்சு, கூடம் பூரா ஐஸு. இங்க யாருய்யா அதுக்குச் சீட்டு அடிச்சது?"

ஏரிக்கரை ஊரான டூலூத்தின் கேஸ் கம்பெனிக் கம்ப்யூட்டர் அறையில் எல்லோரும் கூண்டையே பார்த்தார்கள். மேலாளர் ஸ்டான் அந்த அம்மாவைத் தோளில் கைவைத்து வெளியே அழைத்துப் போனார். போகிற போக்கில் புரோகிராம் எழுதும் லொரெய்னையும் ஆர்விட் நீமியையும் ஒரு முறை முறைத்தார்.

இருவருக்கும் ஒத்துப்போகாது என்பது அறைக்கே தெரியும். அந்த இலையுதிர் காலத்தில்தான் லொரெய்ன் எழுதிய ஒரு புரோகிராமை ஆர்விட் எல்லோர் முன்னாலும் வரி வரியாக வாசித்துக் காட்டிச் சிரித்தான். அன்றிலிருந்து அவள் அவனோடு தேவைக்குக்கூடப் பேசுவதில்லை.

"உன் ஃபைல்தான் அம்மணி, குப்பையை அனுப்பியிருக்கு" என்றான் ஆர்விட். கேஸை மூட வேண்டிய வீடுகளின் நம்பர்களை லொரெய்னின் ஃபைல் அனுப்பும்; அதை வாங்கிச் சீட்டு அடிப்பது ஆர்விட்டின் புரோகிராம்.

"ஃபைல் சரியாத்தான் இருக்கு. புது வீடுகளுக்கு ஒண்ணுல ஆரம்பிக்கிற ஏழு இலக்க நம்பர். அதுக்காக நான் ஏழு எழுத்துக்கு இடம் விட்டேன். உன் புரோகிராம்ல அதை வாங்குற இடம் இன்னும் ஆறுதான்."

"இருந்துட்டுப் போகட்டும். ஏழை ஆறுல போட்டா கடைசி எழுத்து விழும். ஒண்ணுல ஆரம்பிக்கிற ஆறு இலக்க நம்பரே நம்மகிட்ட கிடையாது. தானாத் தள்ளுபடி ஆயிருக்கும்."

"வாங்குற இடம் எழுத்துக்கானதா இருந்தா நீ சொல்றது சரி. நீ வச்சிருக்கிறது எண்ணுக்கான இடம். கோபோல் மொழி எண்ணை வலப்பக்கமா ஒட்டி வைக்கும், மிஞ்சுனா முன்னால வெட்டும். காலி பண்ணிட்டுப் போனவங்க புது வீட்டு நம்பர்ல முன்னால இருந்த ஒண்ணை வெட்டிட்டா, மிச்சம் இருக்கிறது எஸ்தர் கொஸ்கியோட நம்பர்!"

ஆர்விட் தன் புரோகிராம் பட்டியலை எடுத்து அந்த வரியைப் பார்த்தான். காது மடல் சிவந்தது. பிறகு மெதுவாக நிமிர்ந்தான்.

"கடகடன்னு ஒப்பிக்கிறியே. எப்போலேர்ந்து தெரியும் உனக்கு?"

முன்பக்கம் வெட்டும் என்பதை லொரெய்ன் காலையில் எஸ்தரின் போன் வந்த பிறகுதான் கையேட்டைப் புரட்டித் தெரிந்துகொண்டாள். ஆனால் இரண்டு இடமும் பொருந்தவில்லை என்பது போன மாதமே அவள் கண்ணில் பட்டிருந்தது. எழுத்தை எண்ணில் போட்டதும் புரோகிராம் முதல் ஓட்டத்திலேயே மூக்குடைந்து விழும், ஆர்விட் ஊர் முன்னால் அசிங்கப்படுவான் என்று ஆசையோடு காத்திருந்தாள். வந்ததெல்லாம் சுத்தமான இலக்கங்கள். எந்திரத்துக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சத்தமில்லாமல் ஓடி முடித்துவிட்டது.

"இடம் பத்தாதுன்னு போன மாசமே தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லலை?"

"என் புரோகிராம் பக்கம் வந்தா கையை ஒடிப்பேன்னு சொன்னது யாரு?"

"திமிர்ல சொன்னேன்டி! அதுக்கு இந்தக் குளிர்ல ஊரான் வீட்டு அடுப்பை அணைப்பியா?"

அதற்குள் ஸ்டான் திரும்பி வந்திருந்தார். கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"லொரெய்ன், நிஜமா?"

"நிஜம்தான்."

ஸ்டான் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அதே ஓட்டத்தில் சீட்டுப் போன மற்ற வீடுகளுக்கெல்லாம் இருவரையுமே போன் செய்யச் சொன்னார். ஒரு வீட்டில் போனை எடுத்தவள் கைக்குழந்தையைக் கோட்டுக்குள் சுருட்டி வைத்திருப்பதாகச் சொன்னாள். பின்னால் அழுகை கேட்டது. "இதோ ஆள் வர்றாங்கம்மா" என்று சொல்வதற்குள் லொரெய்னின் குரல் உடைந்தது. எதிர் மேசையில் ஆர்விட் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு அடுத்த நம்பரைச் சுழற்றினான்.

மாலைக்குள் எல்லா வீட்டிலும் கணப்படுப்பு எரிந்தது. திருத்தும் வேலையை ஸ்டான் அவளிடமே கொடுத்தார். வாங்கும் இடத்தை ஏழு எழுத்தாக்கி, எண் அல்லாதது வந்தால் நின்றுவிடும்படி ஒரு சோதனையும் சேர்த்தாள். ஆர்விட் முதுகுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியையும் படித்தான். குறை அகப்படவில்லை.

"இதைப் போன மாசமே பண்ணியிருக்கலாம்" என்றான்.

ஏரியில் பனி உடைந்து கப்பல்கள் வரத் தொடங்கும் வரை இருவரும் அதே அறையில் முதுகோடு முதுகாக உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். அதன்பின் லொரெய்ன் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போனாள். வழியனுப்ப ஆர்விட் எழுந்திருக்கவில்லை.