குவியும் குழியும்

…‘குவி’ என்றுதான் அறிவியல் வாத்தியார் ரெஜி சொல்லியிருக்கிறார், தேர்வு அறை ஜன்னலுக்கு வெளியே நின்று, கையால் வாயை மறைத்துக்கொண்டு, வெறும் காற்றாக… ஆனால் இந்த எண்ணூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் வாழைப்பழத்தை வாயப்பயம் என்பவர்கள், குழி அவர்களுக்குக் குயி, குவி என்று ஊதினால் குயி என்று காதில் விழும், குயி என்றால் குழிதானே, முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சு வரை குழியாகவே போய்ச் சேர்ந்தது, நாகர்கோவில்காரர் ரெஜிக்கு இது எப்படித் தெரியும்? வாகனங்களில் பின்னால் வருவதைக் காட்டும் ஆடி எது என்பது கேள்வி. விடை குவியாடி, அறை முழுக்கக் குழியாடி. எல்லோரும் சரியாக எழுதியிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள், சரி எல்லோருக்கும் ஒன்றுதான், தப்புதான் ஆளுக்கு ஒன்றாக இருக்க வேண்டும், இங்கே தப்பும் ஒன்றாக இருந்தது, விடைத்தாள் திருத்தியவர்கள் பிடித்துவிட்டார்கள். அறைக்கே முடிவு ரத்து, ரெஜி பணி இடைநீக்கம், தலைமையாசிரியர் கருணாகரனுக்கு ஒன்றுமில்லை… ‘எனக்குத் தெரியாது’ என்று விசாரணையில் சொன்னார், ஏற்றுக்கொண்டார்கள்.

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் வரிசை அசையவில்லை. கருணாகரன் ஜாபரின் டிரெய்லர் கேபினில், இடப்பக்க இருக்கையில், முழங்காலில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அறைப் பிள்ளைகள் எல்லோரும் துணைத்தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டார்கள், ஜாபரின் மகள் உஸ்மா மட்டும் மாட்டேன் என்கிறாள், இன்று சாயங்காலத்தோடு கெடு முடிகிறது, ஒரு வருடம் வீணாகிவிடும், அப்புறம் பள்ளிக்கே வரமாட்டாள், வராமல் போனவர்களை அவருக்குத் தெரியும். ‘வரிசைய வுட்டு வர முடியாது, இங்கயே ஏறி வந்துடு சார்’ என்று ஜாபர் சொன்னதால் வந்தார். ஜன்னலுக்கு வெளியே கண்ணாடி, வெளிப்பக்கம் புடைத்த குவியாடி, ஒளியை விரித்துவிடுகிறது, அதனால்தான் பின்னால் நிற்கும் லாரிகளும் கடற்கரைக் கல்லும் ஒரு சாண் வட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன, குழியாடியை இங்கே மாட்டினால் தூரத்து லாரி தலைகீழாகத் தொங்கும்… எவ்வளவு அழகான விஷயம், முப்பது நிமிடம் போதும், ஒரு எவர்சில்வர் கரண்டி போதும், முன்பக்கம் பார், பின்பக்கம் பார் என்று காட்டியிருக்கலாம், அவரே இயற்பியல் வாத்தியார்தானே, தலைமையாசிரியர் ஆன பிறகு ஏன் ஒரு வகுப்புகூட எடுக்கவில்லை? நூறு விழுக்காடு தேர்ச்சி எப்படியாவது வந்தாகணும் என்று கூட்டத்தில் சொன்னதோடு சரி. ‘எப்படி சார்?’ என்று கேட்டவர் ரெஜி ஒருவர்தான், புதிதாக வேலைக்கு வந்தவர். ‘அதான் சொன்னேனே, எப்படியாவது’ என்றார் இவர், எல்லோரும் சிரித்தார்கள்.

‘அஞ்சு வயசுலேர்ந்து நீ குந்திகினு கீற சீட்லதான் சார் வரும் உஸ்மா,’ என்றார் ஜாபர். ‘அதுக்கா கண்ணாடி தெரியாது? மொதல்ல கரெக்டாதான் எழுதிக்கீது. முன்னாடி பெஞ்சு பொண்ணு, சார் சொன்னாரு குயின்னு சொல்லிச்சாம், அடிச்சிட்டு மாத்திக்கிச்சு. வாத்தியாரு சொன்னா தப்பா இருக்குமா? இப்போ என் தோஸ்துங்கோ கலாய்க்கிறானுங்கோ, இன்னா மாமு, டிரைவர் பொண்ணுக்கே கண்ணாடி தெரியலியான்னு.’ சிரித்தார், சிரிப்பு பாதியில் நின்றது. கருணாகரன் வெளியே கண்ணாடியைப் பார்த்தார்… தெரியாத பிள்ளைக்குத் தப்பைக் கொடுத்தது ஒன்று, தெரிந்த பிள்ளை தன் கண்ணால் பார்த்ததை அடித்துவிட்டு வாத்தியார் பேச்சை எழுதியிருக்கிறது, அந்த மரியாதையை இவர்தானே பத்து வருடமாக வளர்த்தார். ஜாபர் செல்லில் மகளைக் கூப்பிட்டு, அவரிடம் நீட்டினார். ‘நீயே பேசு சார்.’

எழுதும்மா, வருஷம் போயிடும் என்று தொடங்கினார். ‘அது இருக்கட்டும் சார்,’ என்றாள் உஸ்மா. ‘ரெஜி சார் ஜன்னல்கிட்ட நின்னுகினு இருந்தது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லுங்க, நம்பிக்கிறேன். நம்பித்தானே அடிச்சு எழுதினேன்.’ தெரியாது, அது உண்மைதான், அவர் பார்க்கவில்லை… மின்விசிறி ஓடுகிறதா என்று பார்க்க அன்றும் மாடி ஏறினார், மற்ற நாளெல்லாம் தாழ்வாரத்தின் கடைசி வரை போவார், அன்று மட்டும் மேல்படியில் நின்று திரும்பிவிட்டார், முழங்கால் வலி என்று நினைத்துக்கொண்டார், வலித்ததா? ரெஜி அன்று பள்ளிப் பக்கமே வரக்கூடாது, அறிவியல் தேர்வு நாள், ஆனாலும் அவருடைய செருப்பு படிக்கட்டின் கீழே கிடந்தது, அதைப் பார்த்தபின்தான் ஏறினாரா, ஏறியபின்தான் பார்த்தாரா… பார்க்க ஒன்றுமில்லை என்று நினைக்கிறவன் நேரே போய்விடுவான், திரும்புகிறவனுக்கு எதிலிருந்து திரும்புகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டாமா? தெரியாமல் இருப்பதற்கு இவ்வளவு தெரிந்திருக்க வேண்டுமா?

‘சார், லைன்ல கீறீங்களா?’

‘இருக்கேம்மா,’ என்றார். முன்னால் நின்ற வண்டி நகர்ந்து போய்விட்டது, பின்னால் ஹாரன்கள் அலறின, ஜாபர் கியரில் கை வைக்காமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.