வெந்நீர்த் தொட்டிக்குக் காவல்

எங்கள் பல்கலைக்கழக நீச்சல் குளத்தில் இரண்டு கூட்டம். விடியும் முன்பே பனியில் நடந்து வந்து, மூச்சு முட்ட நீந்துகிறவர்கள் நாங்கள். உயரத்துக் குதிபலகையிலிருந்து ஒரு பல்டி அடித்துவிட்டு, உடனே வெந்நீர்த் தொட்டியில் போய்க் குந்திக்கொள்கிறவர்கள் அவர்கள். நீச்சல்காரிகளின் கேப்டனாக நான் ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

"என்னடி டிலேனி, சூப் கொதிச்சிருச்சா?" என்று, தொட்டியில் குந்தியிருக்கும் அந்தப் பல்டிக்காரியைத் தினமும் கேட்பேன்.

"உப்பு கம்மியா இருக்கு பிரின். நீ இறங்கினா சரியாயிடும்" என்பாள். அவளிடம் வாய் கொடுத்து யாரும் மீண்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை ஆற்றுக்கு அக்கரைக் கல்லூரியுடன் போட்டி. நான் சேர்ந்த நாளிலிருந்து அவர்களை ஜெயித்ததே இல்லை. பலகையின் திருகு கழன்றதால் குதிப்பு கடைசிக்குத் தள்ளிப் போயிருந்தது. நீச்சல் முடிந்தபோது இரண்டு அணிக்கும் புள்ளிகள் சமம். இனி எல்லாம் பல்டிக்காரிகள் கையில்.

டிலேனிதான் முன்னிலையில் இருந்தாள். கடைசிக்கு முந்தைய குதிப்பில் முதுகு தட்டையாகப் படத் தண்ணீரில் விழுந்தாள். கன்னத்தில் அறைந்த மாதிரிச் சத்தம் கூரை வரை கேட்டது. முதுகெல்லாம் சிவந்து வெளியே வந்தாள். மிச்சமிருந்த ஒன்றும் அதே மாதிரி, தண்ணீருக்கு முதுகு காட்டி நின்று பலகைப் பக்கமாகச் சுழலும் குதிப்பு.

"முடியலன்னா விட்டுடும்மா" என்றார் கோச் வோய்ட்டா.

"விட்டா எங்க கேப்டன் சாகற வரைக்கும் சூப்பு சூப்புன்னே சொல்லுவா, கோச்."

ஏறினாள். மேலே ஒருமுறை நின்று என்னைப் பார்த்தாள். எம்பினாள், சுழன்றாள், துணி கிழிகிற மாதிரிச் சத்தத்தோடு தண்ணீருக்குள் போய்விட்டாள். தண்ணீர் தெறிக்கவேயில்லை. நான் அழுதுகொண்டே கத்தினேன்.

ஜெயித்துவிட்டோம்; வழக்கப்படி கோச்சைக் குளத்தில் தள்ளினோம். பிறகு எல்லோரும், டிலேனி ஏற்கெனவே இறங்கியிருந்த வெந்நீர்த் தொட்டிக்கு ஓடினார்கள். நான் முந்தி ஓடி, படியில் கையை விரித்து நின்றேன்.

"ஒருத்தியும் இறங்கக் கூடாது. அவ முதுகு ஆறட்டும்."

தோற்ற அணியின் கேப்டனும் குளிரில் நடுங்கிக்கொண்டு வந்தாள். "உள்ள யாரு, மகாராணியா? நீ நீச்சல்காரிதானே, பல்டிக்காரிக்கு ஏன் காவல் நிக்கிற?"

"என்ன பல்டிக்காரி? எங்க டீம்டி அவ" என்றேன்.

பின்னால் தொட்டிக்குள்ளிருந்து டிலேனியின் குரல் வந்தது: "கேப்டன், சூப் கொதிச்சிருச்சா?"

"அவசரமில்லடி. நல்லா கொதிக்கட்டும்."