பிழைபிடி சங்கம்

எனக்கு வாய் நீளம். வீட்டில் சொல்லியிருக்கிறார்கள், அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள், பல் பிடுங்கப் போன இடத்தில் மருத்துவரே சொல்லியிருக்கிறார். பள்ளிப் பாடப் புத்தகம் அச்சிடும் நிறுவனத்தில் பதினாறு வருடமாகப் பிழை திருத்துகிறேன். காலை ஒன்பது மணியிலிருந்து அடுத்தவர் எழுதியதில் எங்கே ஒற்று விட்டுப்போனது என்று தேடித் தேடிச் சிவப்புக் கோடு போடுகிறவளுக்கு வாய் நீளாமல் வேறு என்ன நீளும்?

அதனால்தான் பிழைபிடி சங்கத்தில் சேர்ந்தேன். சங்கம் என்றால் கட்டடம், நாற்காலி எல்லாம் கிடையாது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் வந்து எழுதக்கூடிய ஒரு குழு, நாலாயிரம் பேர். கடைப் பலகை, சுவரொட்டி, அறிவிப்பு என்று எங்கே எழுத்துப்பிழை கண்டாலும் படம் பிடித்துப் போடுவோம். எல்லாரும் கூடிக் கிழிப்போம். சொந்தப் பெயரில் ஒருவரும் இல்லை. 'கால்புள்ளி' என்று ஒருவர், 'மூன்றுசுழி' என்று ஒருவர், 'துணைக்கால்' என்று ஒருவர். நான் 'ஒற்றுப்புலி'. அலுவலகத்தில் மேலாளர் தப்பாகத் திருத்தினால்கூட "சரிங்க சார்" என்று தலையாட்டுகிறவள், அங்கே போனால் நிஜமாகவே புலி. என் ஒரு வரிக்காக ஆட்கள் காத்திருப்பார்கள். அந்தச் சுகம் இருக்கிறதே, அதை நான் மறைக்க விரும்பவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம். மூன்றுசுழி ஒரு படம் போட்டார். ஏதோ தையல் கடைக் கதவில் ஒட்டிய காகிதம். கடையின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் மறைத்திருந்தார். அது சங்கத்தின் விதி. மிச்சம் இருந்த வரி இதுதான்: 'பெண்களுக்கு அழவு எடுத்து தைத்து தரப்படும்.'

அளவு அழவாகிவிட்டது. ஒற்றும் இரண்டு இடத்தில் காணோம். ஆனால் அப்படி ஒரு 'ழ' கிடைத்த பிறகு ஒற்று யாருக்கு வேண்டும்? ஒரு கையில் கரண்டியோடு மறு கையால் தட்டினேன்: "அழுகைக்கு அளவெடுக்கிற கடை! எத்தனை முழம் அழுவீர்கள் அம்மணி, கழுத்து வரைக்குமா, கணுக்கால் வரைக்குமா?"

பிய்த்துக்கொண்டு போனது. மாலைக்குள் ஆயிரத்து இருநூறு பேர் சிரித்துவிட்டார்கள். "புலி புலிதான்" என்றார் கால்புள்ளி. வீட்டுக்குப் போகும் பேருந்தில் அதையே திறந்து திறந்து பார்த்துக்கொண்டு போனேன்.

வெள்ளிக்கிழமை ஒரு காணொளி வந்தது. யாரோ அந்தக் கடை இருக்கிற தெருவைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கல்லூரி வயதில் ஒரு பெண் அந்தக் காகிதத்துக்கு முன்னால் நின்று, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்து, "அக்கா, எனக்கு ரெண்டு முழம் அழணும்க்கா" என்று உள்ளே பார்த்துக் கூப்பிடுகிறாள். கூட வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். உள்ளே தையல் இயந்திரத்தின் முன்னால் இருந்தவள், ஆள் வந்துவிட்டது என்று அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வருகிறாள். அவள் என் தங்கை.

அய்யோ, அந்தச் சிரிப்பு! பன்னிரண்டு வருடம் ஆயத்த ஆடை ஆலையில் சட்டைக் காலர் மட்டுமே தைத்தவள் அவள். காலையில் காலர், மாலையில் காலர். "ஒரு முழுச் சட்டை தைக்கணும்க்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்து, போன மாதம்தான் வேலையை விட்டாள். வீட்டு முன்னறையில் கடை போடுகிறேன், எல்லாம் தயாரானதும் கூப்பிடுகிறேன், அதுவரை எட்டிப் பார்க்காதே என்றிருந்தாள். நான் எட்டிப் பார்க்கவில்லை. எட்டி உதைத்துவிட்டேன்.

உடனே என் வரியை அழித்தேன். என்ன பிரயோஜனம்? அதைப் படம் பிடித்து நூறு இடத்தில் போட்டிருந்தார்கள்.

சனிக்கிழமை நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நல்ல தடித்த தாளில் அந்த அறிவிப்பைப் பிழையில்லாமல் அச்சடித்து எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன். கதவில் பழைய காகிதம் இல்லை. தையல் இயந்திரத்தின் மேல் போர்வை போட்டு மூடியிருந்தது.

"உன் நோட்டீஸ்ல யாரோ தப்பு கண்டுபிடிச்சுக் கிண்டல் பண்றாங்களாமே. இந்தா, சரியா அடிச்சுட்டு வந்திருக்கேன்" என்றேன். 'யாரோ' என்ற சொல் என் வாயிலிருந்து என்ன அழகாக வந்தது தெரியுமா?

அவள் தாளை வாங்கவில்லை. "வேணாம்க்கா. திங்கக்கிழமை பழைய வேலைக்கே போறேன். சூப்பர்வைசர்கிட்ட பேசிட்டேன்."

"என்னடி இது? நாலு பேரு சிரிச்சதுக்குக் கடையை மூடுவாங்களா?"

"ஊரே சிரிச்சாலும் தாங்கியிருப்பேன்." என் முகத்தையே பார்த்தாள். "சின்ன வயசுல நான் அழுதா நீ என்ன கேப்பே?"

கையிலிருந்த தாளைச் சுருட்டினேன்.

"'இன்னைக்கு எத்தனை முழம்டி'ன்னு கேப்பே. அப்படிக் கேக்கற ஆளு இந்த உலகத்துல நீ ஒருத்திதான். அந்தப் பொண்ணு போன்ல காட்டுச்சு. படிச்ச உடனே தெரிஞ்சுபோச்சு."

"சத்தியமா உன் கடைன்னு எனக்குத் தெரியாதுடி!"

"தெரியாதுன்னு எனக்கும் தெரியும். யாரோ ஒருத்தின்னு நினைச்சுதானே கேட்டே? அந்த யாரோ ஒருத்தி உன்னை என்ன பண்ணினா?"

"என்கிட்ட முன்னாடியே காட்டியிருக்கலாம்ல?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"காட்டினா திருத்துவே. உன் சிவப்புக் கோடு படாம ஒண்ணே ஒண்ணு செய்யணும்னு இருந்துச்சு." "நேத்தெல்லாம் வாசலையே பார்த்துட்டிருந்தேன்க்கா. நீ வந்து, 'நான்தான்டி'ன்னு சொல்லுவேன்னு. நீ என்னடான்னா பேப்பரைத் தூக்கிட்டு வர்றே."

அழுதேன். எத்தனை முழம் என்று அவள் கேட்கவில்லை. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து கைப்பேசியை எடுத்தேன். 'ஒற்றுப்புலி நான்தான். அந்தக் கடை என் தங்கையுடையது. நான் சிரித்ததும் தப்பு, உங்களைச் சிரிக்க வைத்ததும் தப்பு' என்று எழுதி, சொந்தப் பெயர், சொந்தப் படம், வேலை பார்க்கும் இடம் எல்லாம் சேர்த்தேன். அந்தத் துணைக்கால் எங்கள் மேலாளராக இருக்குமோ என்று வெகுநாளாக எனக்கு ஒரு சந்தேகம். இருந்தால் இருக்கட்டும் என்று சங்கத்தில் போட்டுவிட்டேன்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. 'புலி பூனையாச்சு.' 'கூடப் பிறந்தவளையே கடித்த புலி.' 'இந்தம்மா திருத்திய புத்தகத்தைத்தான் நம் பிள்ளைகள் படிக்கிறார்களாம், வெளங்கும்.' என் படத்துக்கு மீசை வரைந்து போட்டார் கால்புள்ளி. அவரோடு எத்தனை வருடப் பழக்கம்! ஆனால் அவர் ஆணா பெண்ணா என்பதுகூட எனக்குத் தெரியாது.

என் முகம் போன போக்கைப் பார்த்துத் தங்கை கைப்பேசியைப் பிடுங்கினாள். ஒவ்வொன்றாகப் படித்தாள். மூக்கு விடைத்தது. என்னுடையதை மடியில் போட்டுவிட்டுத் தன்னுடையதை எடுத்தாள். ஒற்றை விரலால் வெகுநேரம் தட்டினாள். பிறகு என் பக்கம் திருப்பிக் காட்டினாள். மேலே அவள் சொந்தப் பெயர், கழுத்தில் நாடாவோடு அவள் படம். கீழே இப்படி இருந்தது:

'இவ என் அக்கா. இவள திட்ட எனக்கு உறிமை இருக்கு. பேரு கூட சொல்லாத நீங்க யாறு? திங்கள் கிளமை கடை திறந்து இருக்கும். துணியோட வர்றவங்க மட்டும் வாங்க.'

ஒற்றை விட்டுவிட்டால், மூன்று பிழைகள்.

"சரியா இருக்காக்கா?" என்று கேட்டாள்.

"ரொம்பச் சரியா இருக்குடி. அனுப்பு" என்றேன்.