அறுபத்து நான்காம் பக்கம்

ஒன்பதாவது தடவையாக டாக்டரம்மாவின் அறிக்கை திரும்பி வந்திருந்தது. குறைச் சீட்டில் சட்டக்குழு அலுவலகத் தலைமை எழுத்தர் முத்து முத்தாக எழுதியிருந்தார்: "பக்க எண்கள் மேலே இருக்க வேண்டும்." போன தடவை கீழே இருக்க வேண்டும் என்று எழுதியவரும் இதே மகானுபாவர்தான்.

"மறுபடியும் வந்துடுச்சா? நம்ம வீட்டுப் பூனைகூட இவ்வளவு ஒழுங்கா வீடு திரும்பாதுடி," என்றாள் அக்கா.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆணை ஆணோ பெண்ணைப் பெண்ணோ நேசித்தால் சிறை என்கிறது சட்டம். அதை ஒழிக்கத்தான் பத்தொன்பது வருஷம் முந்நூற்றுப் பதினொரு பேரிடம் உட்கார்ந்து கேட்டு, பெயர்களை மறைத்து இதை எழுதினார். கூட வேலை பார்த்த மருத்துவர்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்ததையும் பொறுத்துக்கொண்டார். சட்டக்குழு அறிக்கைகளை வாங்கிக்கொள்ள இன்றுதான் கடைசி நாள். மூன்று வருஷமாகத் தலைமை எழுத்தரின் அந்த ஒரு மேஜையைத் தாண்ட முடியவில்லை.

பக்க எண்களைக் கையால் திருத்த உட்கார்ந்தபோதுதான் கவனித்தார். அறிக்கைக் கட்டு தானாகவே அறுபத்து நான்காம் பக்கத்தில் திறந்துகொண்டது. மற்ற தாள்கள் மொடமொடவென்று இருந்தன. இது மட்டும் விரல் பட்டுப் பட்டு ஓரம் கறுத்து நைந்திருந்தது. மனைவியிடம் சொல்ல முடியாமல், வேலை முடிந்ததும் பூங்காவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போகும் ஒரு தபால்காரரைப் பற்றிய பக்கம் அது.

அலுவலகத்துக்குப் போய் அறிக்கைக் கட்டை எழுத்தரின் மேஜைமேல் போட்டார். "சார், அறுபத்து நாலாம் பக்கத்துல என்ன குறை?"

தலைமை எழுத்தரின் பேனா நின்றது. சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அதுல குறையே இல்லம்மா. மேல அனுப்பிட்டா எனக்குத் திரும்பி வராது. அதான்..."

பாவமாக இருந்தது, அதைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது. "படிக்கறதுக்காகவா மூணு வருஷம்? கேட்டிருந்தா ஒரு பிரதி கொடுத்திருப்பேனே!"

"எப்படிம்மா கேக்கறது?"

டாக்டரம்மா அறிக்கையை அவர் பக்கம் தள்ளினார்.

"அந்தத் தபால்காரர் இப்ப நல்லா இருக்காரா?" என்று கேட்டார் எழுத்தர்.

"போன வருஷம் பிடிச்சுட்டுப் போனாங்க. ஜெயில்லயே செத்துட்டார்."

எழுத்தர் அறிக்கையை மூடினார். பிறகு முத்திரையை எடுத்துக் குத்தினார். அது கோணலாக விழுந்தது. கடைநிலை ஊழியரைக் கூப்பிடாமல், கட்டைத் தானே தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

வெறுங்கையோடு வீடு திரும்பிய டாக்டரம்மாவை அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "பூனை எங்கடி?"

"போயிடுச்சுக்கா."

"அப்புறம் ஏன்டி மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே?"

டாக்டரம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"போன வருஷமே போயிருக்கணும்க்கா."