அரணையின் கடைசி விரல்

அருங்காட்சியகத்தின் பின்புற மணலில் புதைந்து வாழும் குட்டி அரணை இனம், இரண்டு பேர் சண்டை போட்டதால்தான் கால்களை இழந்தது. முதன்முதலில் பிடித்தபோது அதற்கு நான்கு கால்கள், காலுக்கு நான்கு விரல்கள். ஒரு சாண்கூட வளராது. மணலுக்குள்ளேயே திரிந்து கறையான் தின்னும். கீழிமை கண்ணாடிபோல் இருப்பதால் கண்ணை மூடிக்கொண்டே பார்க்கும். அதைப் படம் வரைந்தவளின் கணவர்தான் அருங்காட்சியகம் வெளியிடும் விலங்கு நூலுக்கு விவரம் எழுதுபவர். பிடித்ததைச் சீசாவில் போட்டுக் காப்பவர் அவளுடைய அண்ணன். இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் அவள் படம் அச்சுக்குப் போகும்.

பின்னங்காலுக்கு நான்கு விரல் என்று கணவர் எழுதினார். மூன்றுதான் என்றார் அண்ணன். "எண்ணத் தெரியாத ஆளுக்குத் தங்கச்சியக் கட்டிக் கொடுத்தேன் பாரு" என்று அவர் சொன்ன அன்றே, மணலில் ஓடியவற்றுக்கும் சீசாவில் செத்து ஊறியவற்றுக்கும் ஆளுக்கொரு பின்னங்கால் விரல் உதிர்ந்தது. நேற்றுவரை நான்கு இருந்ததே என்றார் கணவர். நான் சொன்னது சரியாகிவிட்டதல்லவா என்றார் அண்ணன். அதற்கொரு சண்டை, இன்னொரு விரல். நாற்காலி யாருடையது, ஜன்னலை யார் திறந்தது என்று ஒன்பது வருடத்தில் பதினைந்து விரல்களும் மூன்று கால்களும் போயின. அவளும் ஒவ்வொரு முறையும் அழித்து வரைந்தாள். பார்த்து வரைய வைத்திருந்த கண்ணாடித் தொட்டியில் ஒற்றைக் காலோடு அது மணலைத் தள்ளும்போதெல்லாம் அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். மிஞ்சிய அந்த ஒரு விரலாவது படத்தில் நிற்க வேண்டும் என்று, ஒருவரைக் காலையிலும் மற்றவரை மாலையிலும் வேலைக்கு வரவைத்தாள். நான்கு மாதம் எதுவும் உதிரவில்லை.

கையெழுத்துப் போட மட்டும் இருவரையும் ஒன்றாகக் கூப்பிட வேண்டியிருந்தது. கணவர் முதலில் போட்டார். அண்ணன் பேனாவைக் கீழே வைத்தார்.

"மாப்பிள்ளை பேருக்குக் கீழயா நான் போடணும்?"

"மச்சானுக்கு எடம் பத்தலன்னா சீசாவுல நெறைய இருக்கு" என்றார் கணவர்.

அவள் ஒன்பது வருடமாக அவர்கள் சண்டையில் வாயைத் திறக்காதவள். "ரெண்டு பேரும் நாசமாப் போங்க" என்றாள். குரல்கூட உயரவில்லை. "உங்க மூஞ்சில முழிச்ச பாவத்துக்கு இது என்னய்யா பண்ணுச்சு?"

தொட்டி மணலின்மேல் கடைசிக் கால், விரலோடு, அரிசி நொய்போலக் கிடந்தது. அது இந்த முறை அவள் வாயால் போனது. அரணை ஒரு கணம் அசையாமல் இருந்தது. பிறகு முன்பு எப்போதும் இல்லாத வேகத்தில் மணலுக்குள் வழுக்கிப் போனது. அவள் ரப்பரை எடுத்துக் காலை அழித்தாள். எண்ணுவதற்கு ஒன்றுமில்லாததால் அண்ணனும் கையெழுத்துப் போட்டார்.

நூல் வெளிவந்தது. கால்கள் இல்லை என்று அதில் இருக்கிறது. அவள் அந்த இருவரோடும் அதன்பின் பேசவில்லை. அவர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். அரணைக்கு மிச்சமிருப்பது வால்தான். அதைமட்டும் அது தன் இஷ்டத்துக்குக் கழற்றிப் போடுகிறது.